கூலியில் கூடி வந்த பணம்

திருநெல்வேலிச் சீமையின் தென்கடலோரத்தில், திசையன்விளையை அடுத்து உவரி என்றோர் ஊர் இருக்கிறது. பெரும்பாலும் கத்தோலிக்க மீனவ மக்கள் வாழும் ஊர். அந்தோணியார் கோயிலையும், கப்பல் வடிவில் கட்டப்பட்ட மாதா கோயிலையும் சொன்னால் ஊரை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடல் தொழில் இல்லை. ஆகவே சனிக்கிழமையோடு வாரக் கணக்குத் தீரும்.

அந்தக் கடற்கரையில் ஒரு மீன் வியாபாரியிடம் பெட்டி சுமக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்தார். ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, இரவில் வண்டியில் ஏற்றி அனுப்புவது அவருடைய வேலை. ஒரு சனிக்கிழமை வாங்கிய கூலியை வீட்டுக்கு வந்து எண்ணினார். 900 ரூபாய் கூடுதலாக இருந்தது. கணக்குப்பிள்ளையின் கைத்தவறு என்று உடனே விளங்கிவிட்டது. திங்களன்று சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தார். அதற்குள் உம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டி வந்தது, பணம் செலவாகிவிட்டது. திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று, அவர் வாய் திறக்கவில்லை. வியாழனன்று உடன் வேலை செய்யும் ஒருவர், “போன வாரம் எனக்கு ஒரு இரவுக் கூலி குறைந்து போச்சு, கேட்டால் நோட்டில் இல்லை என்கிறார்கள்” என்று புலம்பினார். அப்போதுதான் இவருக்கு நெஞ்சு திடுக்கிட்டது. அந்த மனிதரின் ஓர் இரவு உழைப்பைத் தம் பெயரில் எழுதிவிட்டார்கள் என்று புரிந்தது.

“ஹஜரத்! நான் களவு செய்யவில்லை, ஏமாற்றவில்லை. அவர்களாகத்தான் தந்தார்கள். என்மேல் என்ன குற்றம் இருக்கிறது?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. மேலப்பாளையத்தில் பீடிக் கட்டு எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்கும் தாய்மாருக்கும், அரசாங்க ஆபீஸில் சம்பளம் வாங்குவோருக்கும், வளைகுடாவில் பாங்குக் கணக்கில் சம்பளம் வந்து விழுவோருக்கும் இது என்றேனும் ஒருநாள் வரக்கூடிய கேள்வி. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கை மாறினால் சொந்தம் மாறுமா?

ஒருவருடைய பொருள் இன்னொருவருக்குச் சொந்தமாக வேண்டுமானால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். விலைக்கு வாங்கியிருக்க வேண்டும். உழைத்துப் பெற்றிருக்க வேண்டும். ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாகக் கிடைத்திருக்க வேண்டும். அல்லது வாரிசுப் பங்காக வந்திருக்க வேண்டும். கூடி வந்த 900 ரூபாய் இவற்றில் எதில் சேரும்? அதற்கு ஈடாக அவர் உழைக்கவில்லை. முதலாளி அதை அன்பளிப்பாகவும் தரவில்லை. தருகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாமல் கொடுத்தது எப்படி அன்பளிப்பு ஆகும்?

திருமறையில் சூரத்துன் நிஸாவின் 29ஆம் வசனம், ஒருவர் பொருளை ஒருவர் தவறான வழியில் உண்பதைத் தடுக்கிறது. இருவரும் பொருந்திச் செய்யும் வியாபாரத்தை அதிலிருந்து விலக்கி வைக்கிறது. ஆக, பொருத்தம் என்பதே அடிப்படை. ஒரு முஸ்லிமின் பொருள் அவருடைய மனப்பொருத்தம் இல்லாமல் மற்றவருக்கு ஆகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்னது அஹ்மதில் வந்திருக்கிறது. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும்வரை அதன் பொறுப்பு எடுத்த கையின் மீதே இருக்கும் என்ற கருத்துடைய ஹதீதை ஸமுரா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்திருக்கிறார்கள்.

வேலைக்காரர்களைக் குறித்தே நேராக ஒரு ஹதீதும் உண்டு. ஒரு வேலைக்கு ஆளை நியமித்து அவருக்கு ஊதியமும் நிர்ணயித்துவிட்ட பிறகு, அதற்கு மேல் அவர் எடுத்துக்கொள்வது மோசடிப் பொருள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புரைதா (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் காண்கிறோம். அறியாமல் கைக்கு வந்தவரை இந்த எச்சரிக்கை உடனே பிடிக்காது. ஆனால் அறிந்த பிறகும் வைத்துக்கொள்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை அவரே யோசித்துக்கொள்ள வேண்டும்.

தங்கக் குடமும் நானூறு திர்ஹமும்

புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் ஒன்று. நமக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதர் நிலம் வாங்கினார். அதில் ஒரு குடம் தங்கம் கிடைத்தது. நிலத்தைத்தானே வாங்கினோம், தங்கத்தை வாங்கவில்லையே என்று விற்றவரிடம் அதைக் கொண்டுபோனார். விற்றவரோ, நிலத்தையும் அதில் உள்ளதையும் சேர்த்தே விற்றுவிட்டேன் என்று வாங்க மறுத்தார். வழக்கு ஒரு பெரியவரிடம் போயிற்று. ஒருவருக்கு மகனும் மற்றவருக்கு மகளும் இருப்பதை அவர் கேட்டறிந்தார். அவ்விருவருக்கும் திருமணம் செய்துவைத்து, அந்தத் தங்கத்திலிருந்து அவர்களுக்குச் செலவு செய்யும்படியும் தர்மம் செய்யும்படியும் தீர்ப்புச் சொன்னார். “எனக்கு வேண்டும்” என்றுதான் நாம் வழக்காடுகிறோம். அவர்களோ “எனக்கு வேண்டாம், உமக்குத்தான் சேரும்” என்று வழக்காடினார்கள்!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சொல்லும் வரலாறு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) துணி வியாபாரி. 400 திர்ஹம் விலையுள்ள ஆடையும் 200 திர்ஹம் விலையுள்ள ஆடையும் அவர் கடையில் இருந்தன. சகோதரர் மகனைக் கடையில் இருத்திவிட்டுத் தொழப் போனார். ஒரு கிராமவாசி வந்து 400 திர்ஹம் ஆடை கேட்டார். பையன் 200 திர்ஹம் ஆடையைக் காட்டினான். அவருக்குப் பிடித்துவிட்டது, 400 கொடுத்து வாங்கிப் போனார். வழியில் எதிர்ப்பட்ட யூனுஸ் (ரஹ்) ஆடையை அடையாளம் கண்டு விலையை விசாரித்தார். இது 200க்கு மேல் பெறாது, திரும்பி வாரும் என்றார். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்திதான் என்றார் வாங்கியவர். அப்படியும் விடாமல் அவரைக் கடைக்கு அழைத்துவந்து 200 திர்ஹமைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பையனைக் கண்டித்தார். அவர் சம்மதித்துத்தானே எடுத்தார் என்றான் பையன். உனக்கு எதை விரும்புவாயோ அதை அவருக்கும் விரும்பியிருக்க வேண்டாமா என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

“அவர்களாகத்தான் தந்தார்கள்” என்று நம் உவரிச் சகோதரர் சொன்னதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. விவரம் அறியாதவர் நீட்டிய கையைச் சம்மதமாகக் கொள்வது சாலிஹான பெரியோர்களின் வழியல்ல.

இந்தப் பணம் யாருடையது?

அடுத்த கேள்விதான் முக்கியமானது. பலரும் இதில் தடுமாறுகிறார்கள். நம் சகோதரரும் தடுமாறினார். “அந்தக் கூலியாளுடைய பணம்தானே, அவர் கையில் 900 ரூபாயைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?” என்று கேட்டார்.

கூலி என்பது முதலாளியின்மீது உள்ள கடன். கூலியாளுக்குச் சேர வேண்டியது முதலாளியின் பொறுப்பில் இன்னும் நிற்கிறது. இவர் கைக்குத் தவறி வந்தது முதலாளியின் பணம். ஆகவே முதலாளியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால் இவரே நேராகக் கூலியாளிடம் கொடுத்துவிடலாம். யாரிடமும் சொல்லாமல் தாமாகவே கொடுத்தால், நோட்டில் தவறு தவறாகவே நிற்கும். பின்னால் தவறு தெரிந்து முதலாளி மறுபடியும் கொடுக்க, ஒரு கூலிக்கு இரு பட்டுவாடா ஆகிவிடும்.

ஆனால் இதே கடற்கரையில் இன்னொரு முறையும் உண்டு. கடலுக்குப் போகிறவர்களுக்குப் பல இடங்களில் நாள் கூலி கிடையாது, பங்குதான். மீன் ஏலம் போனதும் எண்ணெய்ச் செலவு, சாப்பாட்டுச் செலவு முதலியவற்றைக் கழித்து, மீதியை வள்ளத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று அவரவர் வழக்கப்படி பிரித்துக்கொள்வார்கள். அங்கே ஒருவருக்குக் கூடுதலாகப் போனால், அந்தப் பணம் முதலாளி ஒருவருடைய மடியிலிருந்து வந்ததல்ல. கூட உழைத்த அத்தனை பேருடைய பங்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வள்ளக்காரர் ஒருவர் மட்டும் “போகட்டும், வைத்துக்கொள்” என்று சொன்னால் போதாது. அவர் தம் பங்கை விடலாம். மற்றவர் பங்கை விட அவருக்கு உரிமை இல்லை. இரு கூட்டாளிகளில் ஒருவர் மற்றவருக்கு மோசம் செய்யாதவரை அவர்களோடு மூன்றாமவனாகத் தான் இருப்பதாக அல்லாஹ் கூறும் கருத்து அபூதாவூதில் வரும் ஹதீதுல் குத்ஸியில் இருக்கிறது. அந்தத் துணை நம்மைவிட்டு விலகும் அளவுக்கு நடந்துகொள்ளலாமா?

இதேபோல் கணக்குப்பிள்ளையோ மேஸ்திரியோ “பரவாயில்லை, வெளியில் சொல்லாதே” என்றாலும் அது பொருத்தம் ஆகாது. அவர் பிறர் பொருளைக் காப்பவர்; மன்னிக்கும் அதிகாரத்தை உடையவர் கொடுத்திருந்தாலொழிய அவரால் மன்னிக்க இயலாது.

மனம் சொல்லும் சாக்குகள்

‘சிறு தொகைதானே’ என்று ஒரு சாக்கு. கைபர் போருக்குப் பின் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்து வந்த மித்அம் என்பவர் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். அவருக்குச் சுவர்க்கம் என்று மக்கள் வாழ்த்தினார்கள். கனீமத் பங்கிடப்படும் முன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்று நாயகம் (ஸல்) சொன்னார்கள். அதைக் கேட்ட ஒருவர் நடுங்கிப்போய், தாம் எடுத்திருந்த ஒன்றிரண்டு செருப்பு வார்களைக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் நெருப்பின் வார்தான் என்றார்கள். புகாரியும் முஸ்லிமும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் அறிந்து எடுத்தவர். நமக்கு அறியாமல் வந்தது. இந்த வித்தியாசம் உண்மைதான். ஆனால் அறிந்த நிமிஷத்தோடு அந்த வித்தியாசம் முடிந்துவிடுகிறது.

‘முதலாளி எனக்கு எத்தனையோ குறைத்திருக்கிறார், இது அதற்கு ஈடு’ என்பது இன்னொரு சாக்கு. உண்மையாகவே தமக்குச் சேர வேண்டியது நின்றால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தம் ஹக்கை மறுப்பவரின் பொருளிலிருந்து அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பதில் இமாம்களிடையே விரிவான பேச்சு உண்டு. அபூஸுஃப்யான் (ரலி) போதிய செலவு தருவதில்லை என்று முறையிட்ட அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்களுக்கு, வழக்கப்படி போதுமானதை எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அனுமதித்தது புகாரியில் இருக்கிறது. ஆனால் அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடமே போய்க் கேட்டார்கள். இங்கேயோ ‘அவர் எப்போதோ குறைத்திருப்பார்’ என்ற ஊகத்தில் தாமே வாதியாகவும் தாமே காஜியாகவும் நின்று தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறோம். தமக்கு மோசம் செய்தவருக்கும் தாம் மோசம் செய்யலாகாது என்ற போதனையையும் மறக்கக் கூடாது.

‘முதலாளி நம் மார்க்கத்தவர் அல்லவே’ என்று மூன்றாவது சாக்கு. இதைச் சொல்லவே நா கூச வேண்டும். கி.பி. 622ல் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, அந்த ஊரார் நம்பி வைத்திருந்த அமானத்துகளை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே அலி (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். கொலை செய்யத் துணிந்து நின்ற ஊராரின் பொருளை ஒன்று விடாமல் ஒப்படைத்துவிட்டுத்தான் அலி (ரலி) மதீனா சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட நபியின் உம்மத்து, தனக்கு வேலை கொடுத்துச் சோறு போடும் கிறிஸ்தவ முதலாளியின் பணத்தில் சட்டம் பேசலாமா?

‘பள்ளி உண்டியலில் போட்டுவிட்டேன், ஏழைக்குக் கொடுத்துவிட்டேன்’ என்பது நான்காவது. உரியவர் யாரென்று தெரிந்திருக்கும்போது அவர் பொருளைத் தர்மம் செய்ய நமக்கு ஏது உரிமை? அதனால் கடன் தீராது.

நாட்டுச் சட்டமும் நம் கணக்கும்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 72ஆம் பிரிவு, தவறுதலாகத் தரப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்றே சொல்கிறது. உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ என்ற ஃபிக்ஹுச் சட்டத் தொகுப்பிலும், பிழையென்று தெளிந்துவிட்ட எண்ணத்துக்கு மதிப்பில்லை என்ற விதி 72ஆம் இலக்கத்திலேயே அமைந்திருக்கிறது. கடன்பட்டிருக்கிறோம் என்று தவறாக எண்ணிக் கொடுத்தவர், கடன் இல்லை என்று தெரிந்ததும் திரும்பப் பெறலாம் என்பது அதன் விளைவு. கூடுதலாகக் கொடுத்த ஊதியத்தைச் சம்பளத்தில் சரிக்கட்டிக்கொள்ள 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் இடம் கொடுத்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இடம் கொடுக்கிறது.

அரசாங்க ஊழியர் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட்டு சில சலுகைகள் அளித்திருக்கிறது. பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மஸீஹுக்கும் இடையிலான வழக்கில் 2014 டிசம்பர் 18ல் வந்த தீர்ப்பின்படி, மூன்றாம் நான்காம் நிலை ஊழியரிடமிருந்தும், ஓய்வு பெற்றவர் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமிருந்தும், ஐந்தாண்டுக்கு மேலாகக் கூடுதல் தரப்பட்டு வந்த இடத்திலும், மேற்பதவி வேலையைச் செய்ய வைத்து அதற்குரிய சம்பளம் தந்திருந்தாலும், மற்றும் திரும்பப் பெறுவது மிகக் கொடுமையாக முடியும் இடத்திலும், அந்தப் பணத்தைத் திரும்பப் பிடிக்கலாகாது. கேரளத்து ஆசிரியர் ஒருவரின் வழக்கில் 2022 மே 2ல் அதே கோர்ட்டு ஒரு விளக்கமும் தந்தது. இது ஊழியருக்குள்ள உரிமை அல்ல. அவர் படும் கஷ்டத்தைக் கருதிக் காட்டும் சலுகை. கூடுதல் என்று அறிந்தே வாங்கியவருக்கும், பிழை சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டவருக்கும் இந்தச் சலுகை கிட்டாமல் போகலாம்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. கேட்டு வாங்கும் வழி அடைபடுவது வேறு. உடையவர் பொருந்திக் கொடுப்பது வேறு. நல்லெண்ணத்தோடு வாங்கிப் பல ஆண்டு செலவு செய்துவிட்ட ஏழை ஊழியர் தம் நிலையை ஓர் ஆலிமிடம் விவரமாகச் சொல்லி வழி கேட்கட்டும். ஆனால் பிழையை அறிந்துகொண்டே மௌனமாக இருந்தவர் அந்தத் தீர்ப்பைக் காட்டித் தம் மனத்தைச் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். அரசாங்கப் பணம் என்பது ஆளில்லாப் பணம் அல்ல. ஊரார் எல்லோருடைய பணம்.

செய்ய வேண்டிய முறை

1. கூலியை வாங்கியதும் எண்ணிப் பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டு இருந்தால் ஒத்துப் பார்க்க வேண்டும். குறைந்தால் கேட்பதற்கு மட்டும் எண்ணுவது, வாங்கும்போது நிறைவாக அளந்து கொடுக்கும்போது குறைப்போரைச் சூரத்துல் முதஃப்பிஃபீன் கண்டிக்கிறதே, அந்தக் கூட்டத்தாரின் குணம்.

2. கூடுதல்தானா என்று நிச்சயமில்லை என்றால் விசாரிக்க வேண்டும். போனஸாகவோ, பழைய பாக்கியாகவோ, மனமுவந்து கொடுத்ததாகவோ இருக்கலாம். அப்படியென்று தெரிந்தால் அது தாராளமாக ஹலால்.

3. தவறு என்று தெரிந்தால் அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைத்து, தாமதமின்றி உரியவரிடம் சொல்ல வேண்டும். உரியவரை அடைவதற்குள் மௌத்து வந்துவிடலாம். ஆகவே வீட்டாரிடம் சொல்லி வைப்பதோ எழுதி வைப்பதோ அவசியம்.

4. அறியாமல் செலவழித்துவிட்டால் பாவம் இல்லை. ஆனால் அது கடனாக நிற்கிறது. அறிந்து செலவழித்தால் கடனோடு தவ்பாவும் வேண்டும். கையில் இல்லையென்றால் தவணை கேட்கலாம்.

5. முழு விவரத்தையும் சொல்லிய பிறகு உரியவர் “வைத்துக்கொள்” என்றால் அது ஆகுமானது. விவரத்தை மறைத்து, பொதுவாக “என் தப்புகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டு வாங்கும் பொருத்தத்தில் மனம் நிம்மதி அடைய வேண்டாம்.

6. முதலாளி இறந்துவிட்டால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். எவ்வளவு தேடியும் யாரும் கிடைக்காவிட்டால், அவர் சார்பாக ஏழைகளுக்குக் கொடுத்துவிட இடம் உண்டு. பின்னால் உரியவர் வந்து கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த நிலை வந்தால் அவரவர் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டு நடக்க வேண்டும்.

7. கணக்குப்பிள்ளைக்கு வேலை போய்விடுமோ என்று அஞ்சினால், முதலில் அவரையே கூட்டிக்கொண்டு போய், கைத்தவறு என்று பக்குவமாகச் சொல்லலாம். ஒருவருடைய மானத்தைக் காப்பதும் நம்மீது கடமைதான். ஆனால் அதற்காகப் பணத்தை மடக்கிக்கொள்ளக் கூடாது.

முதலாளிமார்களுக்கு ஒரு சொல்

கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வாரக் கூலியில் அடுப்பெரிக்கும் குடும்பத்தில் ஒரே வாரத்தில் முழுவதையும் பிடித்துக்கொண்டால் அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிடும்? கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் மேலானது என்றும் சூரத்துல் பகராவின் 280ஆம் வசனம் போதிக்கிறது. நாணயமாக வந்து சொன்னவரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதும் தகாது; அடுத்தவர் யாரும் வந்து சொல்லத் துணிய மாட்டார்கள். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று புகாரியில் வந்திருப்பதை நினைவில் வைத்து, குறைந்த கூலியைக் கேட்டு வந்தவரின் கணக்கையும் அதே அக்கறையோடு திருப்பிப் பாருங்கள்.

உவரிச் சகோதரர் மறுநாள் அதிகாலையே போய்விட்டார். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னார். மருந்துக்குச் செலவானதையும், நான்கு நாள் வாய் திறக்காமல் இருந்ததையும் ஒளிக்கவில்லை. முதலாளி நோட்டை வரவழைத்துப் பார்த்தார். கூலி குறைந்தவரைக் கூப்பிட்டு அங்கேயே 900 ரூபாயைக் கொடுத்தார். இவர் கணக்கில் வாரம் 300 ரூபாயாக மூன்று வாரம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இனி இரவு லோடுக்குத் தனிப் பக்கம் போட்டு எழுதும்படி கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டார். பாராட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. “அந்த மூன்று வாரமும் வீட்டில் கொஞ்சம் நெருக்கடிதான் ஹஜரத், ஆனால் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது” என்றார் நம்மிடம்.

இங்கே முகம் பார்த்துப் பேசுவது மட்டுமா? தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் நிறையக் கொண்டுவந்தும், பிறர் பொருளைத் தின்றதாலும் பிறருக்குச் செய்த அநியாயங்களாலும் அந்த நன்மைகளை எல்லாம் உரியவர்களுக்குப் பறிகொடுத்து நிற்பவனே உண்மையான முஃப்லிஸ், அதாவது ஓட்டாண்டி என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஸ்லிம் ஷரீஃபில் படிக்கிறோம். தீனாரும் திர்ஹமும் இல்லாத அந்த நாளில் 900 ரூபாய்க்கு எத்தனை ரக்அத்துகளை எண்ணிக் கொடுப்பது? இன்று ரூபாயாகவே கொடுத்துவிடுவது எவ்வளவோ சுலபம்.

வல்ல நாயன் நம் கைகளை ஹலாலான பொருளைக் கொண்டே நிரப்புவானாக! பிறர் ஹக்கைச் சுமந்தபடி அவன் சந்நிதானத்தில் நிற்கும் நிலையிலிருந்து நம்மையும் நம் சந்ததிகளையும் காப்பானாக! ஆமீன்.